தண்ணீரில்லாக் காட்டில் ஒரு நீல வீதி

“தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்” என்பது நம் நாட்டு அலுவலகங்களில் வழிவழியாக வழங்கிவரும் அச்சுறுத்தல். அந்தக் காடு எது என்று எவரும் பெயர் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அது இராமநாதபுரம் மாவட்டம் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். நான் அம்மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆதலால், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு 2015-ஆம் ஆண்டு ஜோத்பூருக்கு மாற்றல் ஆணை வந்தபோது, உடன் பணிபுரிந்தோர், “காட்டில் பிறந்தவரைப் பாலைவனம் என்ன செய்துவிடும்?” என்று நகைத்தே வழியனுப்பி வைத்தனர்.

பாலை என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. ஐந்திணை வகுத்த நம் முன்னோர் அதனையும் ஒரு திணையாகக் கொண்டு, பிரிவுத் துயரை அதற்கு உரிய பொருளாக்கினர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பை இழக்கும்போது பாலை தோன்றுகிறது என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். எனவே நம் இலக்கியம் காட்டும் பாலை, மழை பெய்தால் மீண்டும் முல்லையாகக் கூடியது. ஆண்டு முழுவதும் பாலையாகவே இருக்கும் நிலம் எத்தகையது, அங்கு மனிதர் எங்ஙனம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நகரமைத்து வாழ்ந்தனர் என்பவற்றை நூல்களில் அன்றி நேரில் அறியும் வாய்ப்பு எனக்கு அம்மாற்றல் ஆணையால் கிட்டியது. அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை, என்னைப் போலவே பிறந்த மண்ணை விட்டுப் பிறமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரம்மபுரி

அரசுக் குடியிருப்பில் இடம் கிடைக்கக் காலம் ஆகும் என்றார்கள். ஆகவே நகரின் பழைய பகுதியில் வாடகை வீடு தேடினோம். மேஹ்ரான்கட் கோட்டை நிற்கும் பாறைக் குன்றின் மேற்கு அடிவாரத்தில் பிரம்மபுரி என்றொரு குடியிருப்பு உண்டு. ஸ்ரீமாளி, புஷ்கரணா முதலிய அந்தணப் பிரிவினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம் அது. மணிக்கூண்டும் சர்தார் சந்தையும் அமைந்த கடைத்தெருவுக்கு நடந்தே சென்று திரும்பலாம். ஆயினும் அந்தச் சந்தடியின் ஒலி இங்கு எட்டுவதில்லை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். பசுவொன்று வந்தாலோ இருவருமே ஒதுங்க வேண்டும். வீடுகள் மணற்கல்லால் ஆனவை. சுவர்கள் கனமானவை, சாளரங்கள் சிறியவை. சுவர்களுக்கெல்லாம் நீலம் கலந்த சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். கோட்டை மதிலிலிருந்து நோக்கினால், மண்ணிறப் பாறைகளுக்கு இடையே நீல நீர் தேங்கி நிற்பது போலவே தோன்றும்.

அங்கு ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியார். தெருவார் அனைவரும் அவரை ‘மாஜீசா’ என்று அழைத்தனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். பெயரோடு ‘சா’ சேர்ப்பது மார்வாரில் மரியாதைக்குரிய வழக்கு. நம் ‘அவர்கள்’ என்பதைப் போன்றது. அவர்தம் மக்கள் இருவர் சென்னைச் சௌகார்பேட்டையில் வணிகம் செய்கின்றனர். மார்வாரிலிருந்து வணிகர் பலர் தென்னாடு வந்து குடியேறியதை நாம் அறிவோம். அவர்கள் ஊரில் நாங்களும் எங்கள் ஊரில் அவர்களும் வாடகைக்குக் குடியிருப்பது வாழ்க்கையின் விந்தை எனலாம்.

ஊர் பிறந்த கதை

இராட்டோர் மரபினரான ராவ் ஜோதா 1459-ஆம் ஆண்டு இந்நகரை நிறுவினார். அதற்கு முன் அவர்தம் தலைநகர் வடக்கே சில கல் தொலைவிலுள்ள மண்டோர். பகைவரிடமிருந்து காத்துக்கொள்ளத் தக்க உயர்ந்த இடமாகத் தேடிப் பறவைக் குன்று எனப் பொருள்படும் பெயருடைய இப்பாறையைத் தேர்ந்தார். இப்பாறை சாதாரணப் பாறையன்று. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பும் சாம்பலும் இறுகி உருவானது என்று நிலவியலார் கூறுவர். காவலுக்கு ஏற்ற இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடிநீருக்கு?

இவ்வினாவுக்கு விடையாக ஊரார் ஒரு கதை சொல்வர். அக்குன்றில் சிடியாநாத்ஜி என்னும் துறவி ஒருவர் சுனைக்கரையில் தனித்து வாழ்ந்துவந்தார். கோட்டை கட்டுவதற்காக அவரை அகலச் செய்தபோது, “உன் நாட்டில் என்றும் நீர்ப்பஞ்சம் நிலவுக” என்று சபித்துவிட்டுச் சென்றாராம். அரசர் அஞ்சி, அத்துறவி தவம் செய்த குகையருகே கோயில் எழுப்பினார். அதுவும் போதாதென்று, நிலம் சாந்தி பெறுவதற்காக ராஜாராம் மேக்வால் என்னும் எளிய குலத்தவர் ஒருவர் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பதும் ஊர் வழங்கும் செய்தியே. அவர் பெயர் கோட்டையுள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. எந்தக் கோட்டையின் பெருமையைப் பேசும்போதும் அதன் கீழே கிடப்போரை மறத்தலாகாது.

சாபம் என்பது கதையாக இருக்கலாம், வறட்சி கதையன்று. ஜோத்பூரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 360 மில்லிமீட்டர். ‘தண்ணீரில்லாக் காடு’ எனப்படும் இராமநாதபுரத்திலோ 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான், நான் பிறந்த காடு அத்துணை வறண்ட காடன்று என்பதை உணர்ந்தேன். அங்ஙனமாயின் நம் ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது ஏன்? இவ்வினா அப்போது எழுந்தது. விடை பின்னர் வந்தது.

நீல நிறத்தின் பொருள்

வீடுகள் ஏன் நீலமாயின என்பதற்கு ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொரு காரணம் கூறுவர். அந்தணர் இல்லங்களை வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாகத் தொடங்கியது என்பர் சிலர். சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து பூசினால் கறையான் அண்டாது என்பர் வேறு சிலர். கோடையில் வீட்டைக் குளிர்விக்கும் என்பர் மற்றும் சிலர். தொடக்கம் எதுவாயினும், காலப்போக்கில் எல்லா வகுப்பாரும் நீலம் பூசத் தொடங்கினர் என்பது கண்கூடு. ஒரு குலத்தின் அடையாளம் ஓர் ஊரின் அடையாளமாக விரிவது வரவேற்கத்தக்கதே.

மே, ஜூன் திங்கள்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும். அக்காலத்தில் பகல் முழுவதும் கதவடைத்து உள்ளே இருப்போம். தடித்த கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் நடுமுற்றமும் சேர்ந்து அவ்வீட்டை ஒருவாறு குளிர்ச்சியாகவே வைத்திருந்தன. அண்மைக்காலத்தில் பழைய வீடுகளை இடித்துச் சிமெண்டு வீடுகள் எழுப்புகின்றனர். சிமெண்டுப் பூச்சின்மீது நீலச் சுண்ணாம்பு நிலைப்பதில்லை. ஆகவே நீலம் ஆங்காங்கே நரைத்த முடிபோல் குறைந்துகொண்டே வருகிறது.

நீர் காத்த நெறி

நகரை நிறுவிய காலத்திலேயே அரசி ஜஸ்மாதே ஹாடி கோட்டை அடிவாரத்தில் ஒரு குளம் அமைத்தார். அது ‘ராணிசர்’ எனப்படும். அதனை அடுத்துப் ‘பதம்சர்’ என்னும் குளம் உள்ளது. மேலே உள்ளதன் மிகுநீர் கீழே உள்ளதில் இறங்கும். பிரம்மபுரியிலிருந்து கோட்டையின் ஃபதே போல் வாயிலை நோக்கிச் செல்வோர் இவ்விரண்டையும் காணலாம். பாறையில் விழும் நீர் நிலத்துள் இறங்காது, வழிந்தோடும். அது வழிந்தோடும் திசையை அறிந்து, வாய்க்கால் வெட்டி, குளத்தில் சேர்ப்பித்ததே இந்நகரத்தாரின் அறிவு. நாம் எதைக் குறை என்று கருதுவோமோ, அதையே அவர்கள் வாய்ப்பாக மாற்றிக்கொண்டனர்.

இங்ஙனம் தொடங்கிய பணியைப் பின்வந்தோரும் தொடர்ந்தனர். மகாராஜா அபய் சிங்கின் அரசி 1740-களில் அமைத்த படிக்கிணறு ‘தூர்ஜி கா ஜால்ரா’. நாற்புறமும் செந்நிற மணற்கல் படிகள் அடுக்கடுக்காக இறங்கும் அழகு காணத்தக்கது. மகாராஜா விஜய் சிங்கின் அன்புக்குரிய குலாப் ராய் 1788-இல் அமைத்தது ‘குலாப் சாகர்’. நகருக்கு வெளியே, மண்டோருக்கு நீர் வழங்க 1159-இல் அமைக்கப்பட்டதாகக் கூறப்படும் பால்சமந்த் ஏரி உள்ளது. பிரதாப் சிங் 1872-இல் அமைத்தது காயலானா ஏரி. இவற்றுள் பல பெண்டிர் பெயரால் விளங்குவதை நோக்குக. குடம் சுமக்கும் தோளுக்குத்தான் நீரின் எடை தெரியும் போலும்.

அரசர் அமைத்தவை இவை. ஒவ்வொரு வீட்டாரும் தத்தமக்கென அமைத்துக்கொண்டது ‘டாங்கா’ எனப்படும் நிலத்தடித் தொட்டி. எங்கள் வீட்டு முற்றத்தின் நடுவிலும் ஒன்று இருந்தது. இரண்டு முழ அகலமுள்ள கல்மூடி. அதன் கீழே ஆளிறங்கும் ஆழத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசிய அறை. ஆனித் திங்களில் மேகம் திரளத் தொடங்கியதும் மாஜீசா மொட்டைமாடியை இருமுறை பெருக்கிக் கழுவச் செய்வார். செருப்புக் காலோடு எவரும் மாடியேறக் கூடாது. முதல் மழையின் நீரைத் தெருவில் விட்டுவிடுவார். தூசியும் பறவை எச்சமும் கழிந்தபின் வரும் மழைநீரைத்தான் குழாய் வழியே தொட்டிக்குள் திருப்புவார். சமையலறையின் அருகே குடங்கள் வைப்பதற்கென்றே கல்மேடை ஒன்று உண்டு. ‘பரிண்டா’ என்பது அதன் பெயர். மாலையில் அங்கு விளக்கேற்றி வைப்பார். நம் வீடுகளில் பூசையறைக்குத் தரும் மதிப்பை அவ்வீட்டில் நீர்க்குடத்துக்குத் தந்தனர்.

வந்த புதிதில் என் மகளுக்கு எட்டு வயது. அவள் முகம் கழுவிய நீரைச் சாக்கடையில் கொட்டியதைக் கண்ட மாஜீசா, அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அந்நீரைப் பிடித்து வைத்து, அதில் தரையைத் துடைத்து, துடைத்த நீரை முற்றத்துத் துளசிக்கு ஊற்றிக் காட்டினார். “ஒரு நீருக்கு மூன்று வேலை, பேட்டி” என்றார். மறுநாளிலிருந்து அவளும் அவ்வாறே செய்தாள். எங்களையும் செய்யப் பணித்தாள்.

பஞ்சமும் அரண்மனையும்

இத்துணை முன்னெச்சரிக்கையும் பெரும்பஞ்சங்களின் முன் போதவில்லை. 1899-1900-இல் நேர்ந்த பஞ்சத்தை ‘சப்பனியா’ என்று இன்றும் முதியோர் குறிப்பர். விக்கிரம ஆண்டு 1956-இல் நேர்ந்தமையால் ‘ஐம்பத்தாறு’ எனப் பொருள்படும் அப்பெயர் வந்தது. நம் நாட்டில் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும்போது ஒரு நடுக்கம் தோன்றுமே, அத்தகைய நடுக்கம் அச்சொல்லில் உண்டு. மாஜீசாவின் மாமியார் சோற்றுப் பருக்கை ஒன்று கீழே விழுந்தாலும், “சப்பனியாவை மறந்தாயோ?” என்று கேட்பாராம்.

நகரின் கிழக்கே குன்றின்மீது உயர்ந்து நிற்கும் உமேத் பவன் அரண்மனையும் பஞ்சத்தின் தொடர்புடையதே. வறட்சியால் தொழிலிழந்த உழவர்க்கு வேலையும் கூலியும் தரும் பொருட்டு மகாராஜா உமேத் சிங் 1929-இல் அதன் கட்டுமானத்தைத் தொடங்கினார்; 1943-இல் நிறைவுற்றது. பசித்தோர்க்கு வேலை தந்தது நன்றே. ஆயினும் அத்துணைக் கைகளும் ஏரிகளை ஆழப்படுத்தியிருப்பின் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாமல் அவ்வழியே செல்ல என்னால் இயலவில்லை.

இமயத்து நீர் வந்தபின்

விடுதலைக்குப் பின், பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து பாலைவனத்துக்கு நீர் கொணரும் பெருங்கால்வாய்ப் பணி 1958-இல் தொடங்கியது. பின்னர் அது இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் பெற்றது. அதிலிருந்து நீரை மேலேற்றி ஜோத்பூருக்குக் கொணரும் ராஜீவ் காந்தி ஏற்றுக் கால்வாய் 1990-களின் பிற்பகுதியில் பயனுக்கு வந்தது. இமயத்தில் பிறந்த நீர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து காயலானா ஏரியில் விழுந்தது. நகரின் குழாய்களில் நீர் தடையின்றி வரத் தொடங்கியது. தலைமேல் குடமேந்தி நடந்த பெண்களின் துயர் தீர்ந்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் ஒருநாளேனும் குடம் சுமந்தறியாதவராகவே இருப்பர்.

ஆனால் குழாய் வந்த அன்றே குளத்தை மறந்துவிட்டனர். படிக்கிணறுகளில் நீர் இறைப்பார் இல்லை. குப்பை கொட்டுவார் பெருகினர். ஐந்நூறு ஆண்டுகளாக எடுத்துவந்த நிலத்தடி நீரை எவரும் எடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்த நீரோ கசிந்தும் கழிவாகியும் நிலத்துள் சேர்ந்தது. விளைவு எவரும் எதிர்பாராதது. பாலைவன நகரின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. பழைய நகர்ப்பகுதியில் கடைகளின் நிலவறைகளில் நீர் ஊறியது. வணிகர்கள் நாள்தோறும் எந்திரம் வைத்து அந்நீரை இறைத்துச் சாக்கடையில் விட்டனர். நீரின்மையால் சபிக்கப்பட்ட ஊர், நீரை வெளியேற்ற வழி தேடியது. துறவியின் சாபம் கூட இதனை எண்ணியிருக்காது.

இதே காலத்தில், அண்டையிலுள்ள பாலி நகருக்குக் கடும் வறட்சியாண்டுகளில் ஜோத்பூரிலிருந்து இரயிலில் குடிநீர் அனுப்பப்பட்டது. ஓர் ஊரின் நிலவறையில் நீர். அடுத்த ஊரின் குடத்தில் இல்லை. குறை மழையில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நன்மையும் நடந்துள்ளது. குப்பையால் மூடிக்கிடந்த தூர்ஜி கா ஜால்ரா அண்மை ஆண்டுகளில் தூர்வாரிப் புதுப்பிக்கப்பட்டது. இன்று மாலை வேளைகளில் இளைஞர்கள் அதன் படிகளில் அமர்ந்து பேசுவதைக் காணலாம்.

வன்னியும் சீமைக்கருவேலும்

ஜோத்பூரில் நான் கண்ட இரண்டு மரங்களைப் பற்றியும் ஈண்டுக் கூற வேண்டும். முதலாவது ‘கேஜ்ரி’. ராஜஸ்தானின் மாநில மரம் அது. அதன் காயாகிய ‘சாங்ரி’யை உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் கறி சமைப்பர். முதன்முறை அம்மரத்தை அருகில் கண்டபோது எங்கோ பார்த்த நினைவு. பிறகு தெரிந்தது, அது நம் வன்னி மரமே. விருத்தாசலம் திருக்கோயிலின் தலமரம் வன்னி அன்றோ! ஜோத்பூரை அடுத்த கேஜட்லி என்னும் சிற்றூரில் 1730-ஆம் ஆண்டு, அரண்மனைப் பணிக்காக இம்மரங்களை வெட்ட அரசரின் ஆட்கள் வந்தனர். அம்ரிதா தேவி என்னும் பிஷ்னோய்ப் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் உயிர் துறந்தனர் என்பது வரலாறு. நாம் கோயிலில் வலம்வந்து வணங்கும் மரத்துக்காக இங்கு உயிரையே தந்திருக்கின்றனர்.

இரண்டாவது மரத்தை இங்கு ‘பாவ்லியா’ என்பர். அதனை நான் நினைவுகூர வேண்டியதே இல்லை. இராமநாதபுரத்தான் எவனும் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வான். நம் சீமைக்கருவேல்தான் அது. 1930-களில் பாலையைப் பசுமையாக்கும் எண்ணத்தோடு வானூர்தியிலிருந்து அதன் விதைகளைத் தூவச் செய்தனர் என்பர். நல்லெண்ணத்தோடு வந்த அம்மரம், பிற செடிகளை வளரவிடாமல் தானே பரவியது. கோட்டையைச் சூழ்ந்த பாறை நிலத்தில் 2006-இல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா தொடங்கப்பட்டபோது, அம்மரத்தை வேரோடு அகற்றுவதே முதற்பணியாயிற்று. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். எனவே கல்லுடைக்கும் தொழிலாளரை அழைத்து, பாறையைத் தட்டிப் பார்த்து அதன் ஓசையைக் கொண்டே பிளவறிந்து, உளியால் குடைந்து வேரை எடுத்தனர். அவ்விடத்தில் இன்று பாலைக்குரிய செடிகளே வளர்கின்றன. வேரை எடுக்க முடியாது என்று நாம் கைவிட்ட மரத்தை, பாறையிலிருந்தே எடுத்துக் காட்டியுள்ளனர்.

விடுபட்ட ஒரு சொல்

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் என் மகளுக்கு, ‘உங்கள் பூர்விக ஊரின் நீர்நிலை’ என்னும் தலைப்பில் எழுதிவரும்படி ஆசிரியை பணித்தார். “நம் ஊர் ஊருணியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா, அப்பா?” என்று கேட்டாள். நான் பேசாதிருந்தேன்.

எங்கள் சிற்றூரில் ஊருணி ஒன்று உண்டு. அதில் குளிக்கலாகாது, கால் நனைக்கலாகாது, ஆடுமாடு இறங்கலாகாது. அறிவுடையோன் செல்வத்துக்கு வள்ளுவர் உவமையாகக் காட்டியதும் ஊருணியைத்தானே. அதற்கு மழைநீரைக் கொணரும் வரத்துக்கால் எங்கள் குடும்ப நிலத்தின் ஓரமாகச் சென்றது. என் தந்தையார் ஆண்டுதோறும் புரட்டாசியில் மண்வெட்டியோடு சென்று அதனைச் செப்பனிடுவார். அவர் மறைந்தபின், 2011-ஆம் ஆண்டு, உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து அந்நிலத்தை வீட்டுமனை பிரிப்பவர் ஒருவருக்கு விற்றோம். பத்திரத்தை எழுதியவுடன் என்னிடம் தந்து, “நீ அரசாங்க எழுத்தன், பிழை பார்” என்றார் அண்ணன். எழுத்துப் பிழைகள் நான்கைத் திருத்தினேன். நான்கெல்லை விவரத்தில் ‘வரத்துக்கால்’ என்னும் சொல் இல்லாததைக் கண்டேன். சேர்த்தால் பதிவு தாமதமாகும் என்றார்கள். சேர்க்காமலே கையெழுத்திட்டேன். இரண்டே ஆண்டுகளில் கால்வாயின்மீது வீடுகள் எழுந்தன. ஊருணி வறண்டது. இன்று என் மதினி, “குடம் இன்ன விலை என்று வண்டிக்காரன் சொல்லுறான், தம்பி” என்று தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அந்த நான்கு திருத்தங்களும் என் கண்முன் வரும். 360 மில்லிமீட்டரில் ஒரு மாநகர் வாழ்ந்தது. 800 மில்லிமீட்டரில் எங்கள் சிற்றூர் குடம் ஏந்துகிறது. ஏன் என்ற வினாவுக்கு விடை என் கையெழுத்திலும் இருக்கிறது.

இவற்றை மறைக்காமல் மகளிடம் சொன்னேன். அவள் குறிப்பேட்டில், “எங்கள் ஊருணிக்கு வழி அடைபட்டுவிட்டது” என்று மட்டும் எழுதினாள். யார் அடைத்தார் என்பதை எழுதவில்லை. அக்கருணை எனக்குத் தண்டனையாகவே இருந்தது.

2019 கோடையில் மாஜீசா மக்களைக் காணச் சென்னை சென்றிருந்தார். அவ்வாண்டு சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொணரப்பட்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் தொலைபேசியில் அழைத்து, “பாபுஜி, பாலிக்குத்தான் தண்ணீர் ரயிலில் போகும் என்று நினைத்திருந்தேன். உங்கள் ஊரில் மழையும் இருக்கிறது, கடலும் இருக்கிறது, டாங்கா இல்லையா?” என்று கேட்டார். மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்ததை நான் சொல்லவில்லை. சட்டம் இருந்ததா என்று அவர் கேட்கவில்லையே. தொட்டி இருந்ததா என்றுதானே கேட்டார்.

மூன்றாண்டுகள் கழித்து, தனியே வாழ இயலாத முதுமை அவரை வந்தடைந்தது. மக்கள் வீட்டை விற்க முடிவு செய்தனர். வாங்குபவர் அதனைப் பயணிகள் தங்கும் விடுதியாக்குவதாகச் சொன்னார். ஒப்பந்தத்தின் முன்வரைவை எழுதித் தருமாறு மூத்த மகன் என்னை வேண்டினார். எழுதினேன். எல்லைகள், கதவுகள், மாடிப்படி யாவற்றையும் குறித்தபின், “முற்றத்து நிலத்தடித் தொட்டியும், மாடியிலிருந்து அதற்கு வரும் நீர்வழியும் மூடப்படாமல் காக்கப்படும்” என்று ஒரு வரி சேர்த்தேன். வழக்கறிஞர் படித்துவிட்டு, இத்தகைய வரி நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். மூத்த மகன் தாயாரின் முகத்தை நோக்கினார். மாஜீசா, “நிற்கும் வரை நிற்கட்டும்” என்றார். அவ்வரி அப்படியே இருக்கிறது.

நாங்கள் இப்போது அரசுக் குடியிருப்பில் வாழ்கிறோம். மாஜீசா சௌகார்பேட்டையில் இருக்கிறார். சென்ற ஆடியில் நல்ல மழை பெய்த மறுநாள், அத்தெருவழியே சென்றேன். விடுதிப் பணியாளரிடம் கேட்டு முற்றத்துக்குச் சென்று கல்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நீர் இருந்தது. குடிப்பதற்கன்று, செடிகளுக்குப் பயன்படுத்துகிறார்களாம். அதுவும் போதும்.

அன்பர்களே! நாம் பிழைக்க வந்த ஊர்கள் பல. தில்லியோ, மும்பையோ, கல்கத்தாவோ, ஜோத்பூரோ, எவ்வூராயினும் அங்கு முன்பே வாழ்ந்தோர் எந்த நீரைக் குடித்து வாழ்ந்தனர் என்று ஒருமுறை கேட்டறியுங்கள். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதோடு ஊருணிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அதன் வரத்துக்கால் யார் நிலத்தின் வழியே வருகிறது என்று காட்டுங்கள். நிலத்தை விற்க நேர்ந்தால், பத்திரத்தில் அச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதச் சொல்லுங்கள். பதிவு ஒருநாள் தாமதமாகும், அவ்வளவுதான். அந்த ஒருநாளை மிச்சப்படுத்தியவன் என்னும் உரிமையில் இதனைச் சொல்கிறேன்.